வத்திராயிருப்பு கிருஷ்ணனின் தாள்கள் – 7: பௌபஜார் தெருவில் இருபத்து நான்கு நாள்

சென்ற வாரம் 1928 பிப்ரவரியின் வாசலில் நிறுத்தியிருந்தோம். வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று வளர்ந்த கே.எஸ். கிருஷ்ணன், 1923 முதல் கல்கத்தாவில் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்துவருகிறார். பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடம். 1876இல் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். உள்ளே வேலை செய்தவர்களுக்கு அது 'அசோசியேஷன்'. ராமனுக்கு வயது 39, கிருஷ்ணனுக்கு 29.

ஆத்தூர், தூத்துக்குடிப் பக்கத்து வாசகர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவது நல்லது. கிருஷ்ணன் பிறந்த 1898இல் தாமிரபரணிக் கரை ஆத்தூரும் மேற்கு மலையடி வத்திராயிருப்பும் ஒரே திருநெல்வேலி ஜில்லா. 1910இல் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் பிரிந்து போனது. ஆகவே இது நம் பழைய ஜில்லாக்காரர் ஒருவரின் கையெழுத்தைப் பற்றிய கதை. இந்த வாரம் அந்தக் கையெழுத்தில் இருபத்து நான்கு நாள்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: பிப்ரவரி 5 முதல் 28 வரை.

தனக்காக எழுதியது

ஓர் அறிவியல் கண்டுபிடிப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகள் பெரும்பாலும் அச்சிட்டவை. இதழில் வந்த குறிப்பு, ஆண்டுவிழாச் சொற்பொழிவு, பரிசு பெற்ற மேடையில் ஆற்றிய உரை. இவற்றுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு: முடிவு தெரிந்த பிறகு எழுதப்பட்டவை. முடிவு தெரிந்தவர் பாதையை நேராக்கிச் சொல்வார். தடுமாறிய நாள், யாரும் வராத நாள், கண் வலித்த நாள் எதுவும் அதில் இருக்காது. அது பொய் என்று சொல்லவில்லை. அச்சுக்குரிய ஒழுங்கு அது. ஆனால் யார் எப்போது எதைக் கண்டார், யார் எதைப் புரிந்துகொண்டார் என்று கேட்கும் வரலாற்று மாணவனுக்கு அந்த ஒழுங்கே திரையாகிவிடுகிறது. கிருஷ்ணனின் டைரி அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பது. அது ஆய்வகப் பதிவேடு அல்ல. அளவுகளை நிரப்பும் அட்டவணை அல்ல. அன்றன்று நடந்ததை ஒரு மனிதர் தனக்காக எழுதிவைத்த குறிப்பு. அதில் ஆய்வும் இருக்கிறது, வீடும் இருக்கிறது. இந்தப் பகுதியில் நான் நிறுவ விரும்புவது இதைத்தான்: அந்த டைரியை நம்பத்தக்க சான்றாக்குவது அதிலுள்ள இயற்பியல் மட்டும் அல்ல, அதிலுள்ள வீடு. அந்த வீட்டுச் செய்திகளோடு சேர்த்துப் படித்தால், சிதறும் ஒளியில் நிறம் மாறும் ராமன் விளைவு என்பது ஒரே நாளில் ஒரே மனிதருக்கு வாய்த்தது அல்ல என்பதும், ராமனுடைய பங்கைக் குறைத்துச் சொல்வதும் தவறு என்பதும் ஒருசேரப் புலப்படும்.

1988இல் ஜி. வெங்கடராமன் எழுதிய ராமன் வரலாறு இந்த டைரியைப் பயன்படுத்தியது. 2000இல் வானியற்பியலாளர் டி.சி.வி. மாலிக், லண்டன் ராயல் சொசைட்டியின் வரலாற்று இதழில் அதைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார். அதற்குள் ராமன் மறைந்து முப்பது ஆண்டு, கிருஷ்ணன் மறைந்து முப்பத்தொன்பது ஆண்டு ஆகிவிட்டது.

பிப்ரவரி 5, 7, 9

டைரி தொடங்கும்போதே ஒரு செய்தி இருக்கிறது. கிருஷ்ணன் அதற்கு முந்தைய ஆண்டுகளில் பெரும்பாலும் கணக்கும் கோட்பாடுமாக இருந்தார். மூலக்கூறுகள் ஒளியை எத்திசையில் எப்படிச் சிதறடிக்கின்றன, அவற்றின் வடிவம் அதில் என்ன பங்கு வகிக்கிறது என்பதெல்லாம் அவர் காகிதத்தில் போட்டுக்கொண்டிருந்த கேள்விகள். பேராசிரியர் அவரைச் சோதனைக்குத் திரும்பச் சொல்கிறார். விஞ்ஞானி ஒருவர் நெடுநாள் சோதனையை விட்டு விலகியிருப்பது ஆரோக்கியமல்ல என்பது ராமனின் வாதம். பிப்ரவரி 5ஆம் தேதிக் குறிப்பு இதைப் பதிவு செய்கிறது. தான் எழுதும் டைரியின் முதல் பக்கத்திலேயே, வேலையைத் தொடங்கிவைத்தவர் ராமன் என்று கிருஷ்ணன் எழுதிவிடுகிறார். பின்னாளில் பெருமை கோர நினைத்த ஒருவரின் பக்கமாக இதை வாசிக்க முடியாது.

அசோசியேஷனில் இந்த வேலைக்கு முன்கதை உண்டு. 1923இலேயே கே.ஆர். ராமநாதன், தண்ணீரில் சிதறிய ஒளியில் எதிர்பாராத மங்கிய நிறமாற்றம் ஒன்றைக் கண்டு, அதை 'வலுவற்ற ஒளிர்வு' என்று கணக்கில் வைத்தார். திரவத்தை எத்தனை முறை தூய்மை செய்தாலும் அது போகவில்லை. கிருஷ்ணனும் வேறு திரவங்களில் அதைக் கண்டிருந்தார். 1928 தொடக்கத்தில் எஸ். வெங்கடேஸ்வரன் கிளிசரினில் பச்சை சாயலான ஒளியைக் கண்டார். அது மிக வலுவாக முனைவாக்கம் அடைந்திருந்தது. வெங்கடேஸ்வரன் வேறிடத்தில் அரசு வேலையில் இருந்தவர், ஒழிந்த நேரத்தில்தான் ஆய்வகத்துக்கு வர முடிந்தது. அதனால் தொடர்ந்து செய்ய ஆள் வேண்டியிருந்தது. கிருஷ்ணன் அழைக்கப்பட்டதற்கு இதுவும் காரணம்.

முனைவாக்கம் ஏன் முக்கியம் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு பொருள் ஒளியை விழுங்கி, பிறகு வேறு நிறத்தில் உமிழ்வது ஒளிர்வு. அப்படி உமிழும் ஒளியில் அலையின் அதிர்வுத் திசை பெரும்பாலும் கலைந்துபோயிருக்கும். சிதறல் அப்படியல்ல, அது உடனடியாக நடப்பது, அதிர்வுத் திசையின் ஒழுங்கு அதில் தங்கும். ஆகவே நிறம் மாறிய ஒளி முனைவாக்கம் பெற்றிருந்தால், 'இது ஏதோ அழுக்கின் ஒளிர்வு' என்ற எளிய விளக்கம் உதிர்ந்துவிடும். கருவிகள் மிகச் சாதாரணம். சூரிய ஒளியை ஒரு பெரிய தொலைநோக்கி வில்லையால் குவித்துத் திரவத்துக்குள் செலுத்துவது. அந்த ஒளியின் வழியில் நீல ஊதாக் கண்ணாடி ஒன்று. பார்ப்பவர் கண்ணுக்கு முன்னால் அதற்கு நேர் எதிரான பச்சை மஞ்சள் கண்ணாடி. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எதுவும் கடந்து வராது. முதல் கண்ணாடியைத் தாண்டிய ஒளி திரவத்தில் நிறம் மாறாமல் சிதறினால், இரண்டாவது கண்ணாடி வழியே பார்ப்பவருக்கு இருட்டுதான் தெரிய வேண்டும். இருட்டு தெரியவில்லை. மங்கலாக ஒரு தடம் தெரிந்தது.

பிப்ரவரி 7 இரவு. அன்று காலையில் திரவங்களில் பார்த்ததை வைத்துக்கொண்டு ராமன் யோசித்திருக்கிறார். இரவு 9 மணியளவில் கிருஷ்ணனின் வீட்டுக்கே வருகிறார். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. வீட்டு வாசலில் நின்றே கால் மணி நேரத்துக்கு மேல் பேசுகிறார்கள். காலையில் கண்டது, தாங்கள் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்த கிராமர்ஸ் ஹைசன்பர்க் விளைவாகத்தான் இருக்க வேண்டும் என்பது ராமனின் முடிவு. அதற்கு 'மாறிய சிதறல்' என்று பெயர் வைக்க இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இந்த ஒரு பத்தி எத்தனை கேள்விகளுக்கு விடை தருகிறது என்று பாருங்கள். மூலக்கூறிலிருந்து சிதறும் ஒளியின் அதிர்வெண் மாறக்கூடும் என்று 1923இல் ஸ்மேகலும், 1925இல் கிராமர்ஸும் ஹைசன்பர்க்கும் கோட்பாட்டளவில் சொல்லியிருந்தார்கள். கல்கத்தாக் குழு அதை அறியாமல் தற்செயலாகத் தடுக்கி விழுந்தது என்ற பேச்சு நெடுங்காலம் இருந்தது. டைரி அதை மறுக்கிறது. கோட்பாடு தெரிந்திருந்தது, தேடல் நடந்துகொண்டிருந்தது, கண்டதைக் கோட்பாட்டோடு இணைத்த முதல் வாய் ராமனுடையது. அதுவும் பிப்ரவரி 7லேயே. ராமனுக்கு இதைவிடப் பெரிய சான்று வேறு யார் தர முடியும்? அதைத் தந்தவர் கிருஷ்ணன்.

பிப்ரவரி 9 வேறொரு முகத்தைக் காட்டுகிறது. திரவத்தில் கண்டது ஆவியிலும் இருக்கிறதா என்பது அன்றைய கேள்வி. திரவத்தில் மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆவியில் தனித்தனியாகத் திரிகின்றன. ஆவியிலும் விளைவு தெரிந்தால், இது தனி மூலக்கூறின் குணம் என்று ஆகிவிடும். காலையில் நீண்ட தொலைநோக்கியைப் பொருத்தத் தொடங்குகிறார்கள். ஏற்பாடு முடியுமுன் ராமன் கல்லூரி வகுப்புக்குப் போக வேண்டியிருக்கிறது. அவர் இல்லாத பிற்பகலில் கிருஷ்ணன் ஈதர் ஆவியை எடுத்துப் பார்க்கிறார். மாறிய ஒளி பளிச்சென்று தெரிகிறது. வேறு ஆவிகளையும் அடுத்தடுத்து முயல்கிறார், அவ்வளவு தெளிவு இல்லை. மூன்று மணிக்கு ராமன் திரும்புகிறார். வெயில் இன்னும் இருக்கிறது, அவரும் பார்க்கிறார். பார்த்ததும் முதல்தரக் கண்டுபிடிப்பு என்று கூவியபடி ஆய்வகம் முழுவதும் ஓடுகிறார். சோதனையை விட்டுவிட்டு வகுப்பில் நின்றது எத்தனை வேதனையாக இருந்தது என்கிறார். கிருஷ்ணன் சும்மா இருக்க மாட்டார் என்று தனக்கு நம்பிக்கை இருந்தது என்கிறார். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டச் சொல்கிறார்.

ஆக, ஆவியில் விளைவை முதலில் கண்டது கிருஷ்ணனின் கண்; ராமன் அப்போது வகுப்பறையில். இரண்டு நாள் முன்பு அதன் பொருளை முதலில் சொன்னது ராமன். கிருஷ்ணன் அதை வாசலில் நின்று கேட்டவர். இரண்டையும் ஒரே கை எழுதியிருக்கிறது. தனக்குச் சாதகமானதை மட்டும் எழுதும் கை இப்படி எழுதாது.

இடது கண்

பிப்ரவரி 16இல் இருவர் பெயரிலும் 'நேச்சர்' இதழுக்கு ஒரு குறிப்பு அனுப்பப்படுகிறது. புதுவகை இரண்டாம் நிலைக் கதிர்வீச்சு என்ற தலைப்பு. அறுபது வெவ்வேறு திரவங்களைப் பார்த்ததாக அதில் சொல்கிறார்கள். மார்ச் 31 இதழில் அது வெளிவந்தது. டைரியும் அதே நாளில் அதே செய்தியைச் சொல்கிறது. வெளியே அச்சில் உள்ள தேதியும் உள்ளே வீட்டுத் தாளில் உள்ள தேதியும் இப்படி ஒத்துப்போவது டைரியின் நம்பகத்துக்கு ஒரு தூண்.

மறுநாள், பிப்ரவரி 17. கிருஷ்ணனுக்கு இடது கண்ணில் கோளாறு. இனிச் சில நாள் பார்வையிடும் வேலை எல்லாவற்றையும் தானே செய்துகொள்வதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார் என்று எழுதுகிறார். மங்கலான ஒளித்தடத்தை இருட்டில் கண்ணைக் கூர்ந்து நாள்முழுதும் பார்த்தவர்களுக்கு இது வராமல் எப்படி இருக்கும்? அச்சுக் கட்டுரையில் இந்தக் கண்ணுக்கு இடமே இல்லை. ஆனால் வரலாற்றுக்கு இந்த வரி பொன். ஏனென்றால் இதிலிருந்து நமக்குத் தெரிவது: பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் கண்ணால் பார்த்து உறுதிசெய்த வேலையில் ராமனின் பங்கு கூடியிருக்கிறது, கிருஷ்ணனின் பங்கு குறைந்திருக்கிறது. சொல்பவர் கிருஷ்ணனே.

பிப்ரவரி 27, 28

இருபத்தேழாம் தேதிக் குறிப்பு மிகச் சிறியது. வீட்டில் ஒரு வைதிகச் சடங்கு. அசோசியேஷனுக்குப் போகவில்லை. அவ்வளவுதான்.

இருபத்தெட்டாம் தேதியும் பிற்பகலில்தான் போகிறார். பேராசிரியர் அங்கே இருக்கிறார். விழும் ஒளியின் அலைநீளம் மாறினால் விளைவு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது அன்றைய வேலை. வழக்கமான நீல ஊதாக் கண்ணாடியோடு யுரேனியம் கண்ணாடி ஒன்றையும் சேர்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்ததால் உள்ளே போகும் ஒளியின் பட்டை மிகக் குறுகிவிடுகிறது. திரவத்தில் தெரிந்த தடத்தை நேர்ப்பார்வை ஸ்பெக்ட்ரோஸ்கோப்பால் பார்க்கிறார்கள். உள்ளே விட்ட நிறம் ஒரு பக்கம், மாறிய நிறம் ஒரு பக்கம், நடுவே தெளிவான இருள். இருவருமே வியந்துபோனதாக எழுதுகிறார். மாறிய ஒளி ஏதோ பரவிக் கலங்கிய மங்கல் அல்ல, விழும் ஒளியிலிருந்து விலகி நிற்கும் தனிப் பட்டை என்பது அந்த இருள் இடைவெளியால் ஐயமின்றித் தெரிந்தது. அதற்குப் பிறகு பாதரச விளக்கின் கூரிய கோடுகளை வைத்துப் பார்த்ததும், கோடு கோடாகப் புதிய நிறமாலை வந்ததும் அடுத்தடுத்து நடந்தன. 29ஆம் தேதி செய்தி பத்திரிகைகளுக்குப் போனது. 1987 முதல் நாடு முழுவதும் தேசிய அறிவியல் நாள் கொண்டாடுவது இந்த 28ஆம் தேதியை வைத்துத்தான்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பை எதிர்கொண்டாக வேண்டும். ராமன் பற்றி வழங்கும் இன்னொரு விவரம் உண்டு. அதன்படி 27ஆம் தேதி மாலையிலேயே ராமன் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பால் பார்க்க முடிவு செய்தார். ஆய்வக உதவியாளர் அசுதோஷ் தே ஏற்பாடு செய்து முடிப்பதற்குள் சூரியன் மறைந்துவிட்டது. 28 காலையில் மீண்டும் ஏற்பாடு நடந்தது. இது சரியென்றால், பிற்பகலில் வந்த கிருஷ்ணன் காலையில் நடந்ததைத் தவறவிட்டிருக்கிறார், அவருடைய டைரி முழுச் சான்று ஆகாது என்று ஒருவர் வாதிடலாம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. கிருஷ்ணன் இல்லாத மணி நேரங்களைப் பற்றி அவருடைய டைரியால் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் டைரி எதை மறைக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். முந்தைய நாள் முழுவதும் தான் இல்லை என்றும், அன்றும் பிற்பகலில்தான் போனதாகவும் அவரே எழுதியிருக்கிறார். இந்த இரண்டு வரியும் இல்லாதிருந்தால், காலையிலும் அவர் அங்கே இருந்தார் என்று நாம் எளிதாக எண்ணிக்கொள்வோம். அப்படி எண்ண அவர் விடவில்லை. தன் சாட்சியத்தின் எல்லையைத் தானே குறித்துவைத்த சாட்சி அவர். அந்த எல்லைக்குள் அவர் சொல்வதை நம்ப அதுவே முதல் காரணம். இருவரும் சேர்ந்து அலைநீளத்தின் பங்கை ஆராயத் தொடங்கினார்கள், இருவருக்கும் வியப்பு ஏற்பட்டது என்று அன்றே எழுதிய வரிக்கு, பின்னாளில் நினைவிலிருந்து சொன்ன விவரத்தைவிட எடை அதிகம். அதேசமயம் காலையில் ராமன் எதையுமே பார்க்கவில்லை என்று சொல்ல இந்த டைரியை ஆதாரமாகக் காட்டுவதும் முறையல்ல.

இரண்டு தரப்புக்கும் உதவாத தாள்

எழுதியவரே பங்காளி, தன் பங்கைக் கூட்டித்தானே எழுதுவார் என்பது இரண்டாவது மறுப்பு. பொதுவாக இது சரியான எச்சரிக்கை. எந்த டைரியையும் அதை எழுதியவரின் நலனோடு வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் 1928 பிப்ரவரியில் கூட்டி எழுத என்ன இருந்தது? 1930 நோபல் பரிசு யாருக்கும் தெரியாது. எக்ஸ் கதிர் சிதறும்போது அலைநீளம் மாறுவதைக் கண்ட காம்ப்டனுக்கு முந்தைய ஆண்டுக் கடைசியில் நோபல் கிடைத்ததை அறிந்து, ஒளியிலும் அந்த விளைவுக்கு இணையான ஒன்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் ராமனிடம் வலுத்திருந்தது உண்மை. ஆனால் சீடருக்கும் பேராசிரியருக்கும் இடையே பங்கு பிரிக்கும் பேச்சு அப்போது எழவில்லை. மேலும், பின்னாளில் அந்தப் பேச்சு எழுந்தபோதும் கிருஷ்ணன் இந்த டைரியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. 1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். படிகங்களின் காந்தப் பண்புகளில் தனக்கென ஒரு பாதை வகுத்தார். 1933இல் அதே அசோசியேஷனுக்கு மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். 1940இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1942இல் அலகாபாத், 1947இல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர், 1958இல் முதல் பட்நாகர் விருது. புகழுக்கும் மேடைக்கும் அவருக்குக் குறைவில்லை. 1961 ஜூனில் மறையும்வரை, தன் பங்கைக் கேட்டு அவர் பொதுவில் வழக்காடவில்லை.

இதிலிருந்தே மூன்றாவது மறுப்பு பிறக்கிறது: கேட்கவில்லை என்றால் பங்கே இல்லை என்றுதானே பொருள்? இல்லை. ஒருவர் கேட்காதது அவருடைய பண்பைக் காட்டும், நடந்ததை மாற்றாது. ராமனும் அவரை மறைத்தவர் அல்ல. 1928 மார்ச் 16இல் பெங்களூரில் ஆற்றிய சொற்பொழிவில் கிருஷ்ணனின் ஒத்துழைப்புக்கும், வெங்கடேஸ்வரன் முதலியோரின் உதவிக்கும் வெளிப்படையாக நன்றி சொன்னார். ஸ்டாக்ஹோம் நோபல் உரையிலும் கிருஷ்ணனின் பெயர் வருகிறது. ஆனால் நன்றியுரையில் வரும் பெயர் ஒன்று, கண்டவர்களில் ஒருவராக நிற்கும் பெயர் இன்னொன்று. அந்த வேறுபாட்டை அளக்க நம் கையில் இருக்கும் மிகச் சிறந்த கருவி இந்த டைரிதான்.

அது அளந்து தரும் விடை இரு தரப்பு வெறியர்களுக்கும் உவப்பாக இராது. கிருஷ்ணனின் உழைப்பை ராமன் எடுத்துக்கொண்டார் என்பாருக்கு பிப்ரவரி 5ம் 7ம் 17ம் தடையாக நிற்கின்றன. வேலையைத் தொடங்கியவர், பொருளைச் சொன்னவர், கண் வலித்த சீடருக்குப் பதில் தானே குனிந்து பார்த்தவர் ராமன். கிருஷ்ணன் சொன்னதைச் செய்த உதவியாளர் மட்டுமே என்பாருக்கு 9ஆம் தேதி தடையாக நிற்கிறது. பேராசிரியர் இல்லாதபோது அடுத்த அடியைத் தானே எடுத்துவைத்து, ஆவியில் விளைவைக் கண்டவர் உதவியாளர் மட்டும் அல்லர். என் தீர்ப்பு இது: கண்டுபிடிப்பின் தலைமை ராமனுடையது, கண்டுபிடிப்பு இருவருடையது, அதற்கான நிலத்தை உழுதவர்கள் ராமநாதனும் வெங்கடேஸ்வரனும். பிப்ரவரி 28 பிறந்த நாள் அல்ல, ஐயம் தீர்ந்த நாள்.

தேதியைப் பற்றிய இந்தத் துல்லியம் வெறும் கல்கத்தா விவகாரமும் அல்ல. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஸ்டாமும் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவை பிப்ரவரி 21இல் கண்டதாகச் சொன்னார்கள். அவர்களுடைய கட்டுரை ஜூலையில்தான் அச்சானது. 28ஆம் தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால், ஒரு வாரம் முந்தியவர்கள் ரஷ்யர்கள் என்ற வாதத்துக்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். டைரியோ 7ஆம் தேதியிலேயே, கண்டது என்ன என்ற புரிதல் கல்கத்தாவில் இருந்ததைக் காட்டுகிறது. 16ஆம் தேதிக் குறிப்பு அதற்கு வெளிச்சாட்சி. ஆனாலும் ரஷ்யர்களை ஒதுக்கிவிட முடியாது. நிறமாலையில் பிரிந்து நின்ற கோட்டை அவர்கள் தாங்களாகவே கண்டார்கள். விளக்கமும் சரியாகவே தந்தார்கள்.

வீடுகளில் இருப்பவை

காக்கப்பட்ட தாளின் மதிப்புக்கு இன்னொரு சான்றும் உண்டு. ராமனின் அண்ணன் மகன், வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர், இதே 1928 கோடையில் கல்கத்தா ஆய்வகத்துக்கு வந்து போனவர். பின்னாளில் அவருடைய தாள்கள் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் வரிசையிட்டு வைக்கப்பட்டன. தந்தை சி.எஸ். அய்யருக்கும் மகனுக்கும் கடல் கடந்து போய்வந்த கடிதங்கள், காமேஷ்வர் வாலி அவருடைய வாழ்க்கையை எழுத உதவின. தாய் சீதாலட்சுமி நோயில் இருக்கும்போது மகன் இங்கிலாந்தில் இருந்தார் என்ற துயரமும், வெள்ளைக் குறுமீன்களைப் பற்றிய கணக்கும் அந்தத் தாள்களில் அருகருகே கிடக்கின்றன. தாள்களைக் காப்பது செல்வ நாடுகளின் ஆடம்பரம் என்று இங்கே சிலர் சொல்வதுண்டு. பௌபஜார் தெருவின் இருபத்து நான்கு நாள் அதற்குப் பதில். ஒரு சிறு டைரி இல்லாதிருந்தால், இந்தியாவில் நடந்த மிகப் பெரிய இயற்பியல் கண்டுபிடிப்பை நாம் ஒரு கொண்டாட்ட நாளாக மட்டுமே அறிந்திருப்போம்; 7ஆம் தேதி இரவையும் 9ஆம் தேதிப் பிற்பகலையும் இழந்திருப்போம்.

தூத்துக்குடியில் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடந்த நாள்களில், குளித்தெடுத்த சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது வாங்கியவர் பிளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. நம் ஊர்களில் பழைய தாள் விலை போவது இதைவிட மோசம்: திறக்காமலே எடைக்குப் போகிறது, பிளந்து பார்ப்பார் யாரும் இல்லை. இங்கே முத்தைச் சொன்னதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. ராமன் 1930களில் சிப்பி ஓடுகளின் வண்ண ஜாலத்தையும், 1954இல் டி. கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து முத்துகளின் அமைப்பையும் ஆராய்ந்து எழுதினார். ஆத்தூரிலும் காயலிலும் புன்னைக்காயலிலும் சலாபத்தோடு தொடர்புடைய குடும்பங்களில் கணக்கு நோட்டு, ரசீது, கடிதம் என்று எதுவும் மிஞ்சியிருந்தால், அதை எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். தேதி இருக்கும் தாளைத் தனியாக எடுத்து வையுங்கள். வீட்டுச் செலவும் விசேஷமும் கலந்து கிடக்கிறதே என்று ஒதுக்காதீர்கள்; அந்தக் கலப்புதான் அதன் சாட்சியம்.

இனி அடுத்த வாரத்துக்கான முடிச்சு. பிப்ரவரி 16ஆம் தேதிக் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயர். மார்ச் 22 தேதியிட்டு, மே 5 'நேச்சர்' இதழில் வந்த குறிப்பிலும் இரண்டு பெயர். இரண்டுக்கும் நடுவே, மார்ச் 8 தேதியிட்டு அதே இதழுக்குப் போன ஒன்று இருக்கிறது. பிப்ரவரி 28இல் இருவரும் கண்டு வியந்த அந்த அலைநீள மாற்றத்தைத்தான் அது உலகுக்கு அறிவித்தது. ஏப்ரல் 21 இதழில் அது வெளிவந்தபோது அடியில் இருந்தது ராமனின் பெயர் மட்டும். இரண்டு பெயர்களுக்கு நடுவே அந்த ஒரு முறை மட்டும் ஏன் ஒற்றைப் பெயர்?